தாயைத் திருப்பாமல் குட்டி போகாது

மாசி மகத்துக்கு மாமல்லபுரம் போக ஒரகடம் வழி சரிப்படுமா என்று சென்ற பதிவின் கீழே ஒருவர் கேட்டிருந்தார். தாராளமாகப் போகலாம். நான் முதன்முதலில் அந்த வழியில் போனது 1991 மாசி மகத்துக்கு. வயிற்றில் ஐந்து மாதம். போகக்கூடாது என்று மாமியார் ஒற்றைக்காலில் நின்றார். நான் இரண்டு காலிலும் நின்றேன்.

வடக்குப்பட்டில் விடிகாலை நாலு மணிக்கு வேன் ஏறினோம். ஒரகடம் கூட்டு ரோட்டில் அப்போது ஒரு டீக்கடையும் இருட்டும்தான். சிங்கப்பெருமாள் கோயில், செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் வழியாக ஐம்பது கிலோமீட்டர் சொச்சம், இரண்டு மணி நேரம். கூட்டத்துக்குப் பயந்து கரையோரம் வடக்கே நடந்தபோதுதான் பார்த்தோம்.

எங்கள் வேன் நீளத்துக்கு ஒரு கறுப்புத் திமிங்கலம் மணலில் கிடந்தது. ஒட்டினாற்போல் அதன் குட்டி. இரண்டுக்கும் தலைமேல் இருந்த துளை திறந்து புஸ்ஸென்று மூச்சு வந்தது.

"வவுத்துப் புள்ளக்காரி இத்தல்லாம் பாக்கக் கூடாது. வந்து வேன்ல குந்து" என்றார் மாமியார்.

நான் அசையவில்லை. அவை செத்தால் என் பிள்ளைக்கும் ஏதாவது ஆகிவிடும் என்று மனதில் விழுந்துவிட்டது. மடத்தனம்தான். ஆனால் அன்றைக்கு அந்த இரண்டும் பிழைத்தாக வேண்டும், எனக்கு வேறெதுவும் வேண்டாம்.

எங்கள் ஆட்களுக்குத் தெரிந்ததெல்லாம் மாடு. "கன்னுக்குட்டியத் தூக்கினு முன்னால போனா தாய் தன்னால வந்துரும்" என்றார் என் வீட்டுக்காரர். நாலு பேர் குட்டியை ஈர வேட்டியில் ஏந்திக் கொண்டுபோய் இடுப்பளவு தண்ணீரில் விட்டார்கள். அது ஒரு சுற்று சுற்றிவிட்டுத் தாயிடமே திரும்பி வந்தது. மறுபடி விட்டார்கள், மறுபடி வந்தது. இதற்குள் இவருடைய தம்பி ஒரு குடம் தண்ணீரைத் தாயின் தலையில் கவிழ்க்கப் போனார்.

"யோவ், அது மூக்குய்யா! மூக்குல ஊத்துறியே!" என்று ஒரு மீனவர் ஓடி வந்தார். "தாய் கூப்ட்டுகினே கீது, கேக்கலையா? தாய் இங்க கெடக்க குட்டி எங்கய்யா போவும்? மொதல்ல தாயத் திருப்பு. பௌர்ணமி, தண்ணி ஏறுது."

"வால்ல கவுறு கட்டி இழுத்துரலாமா?" என்றார் என் வீட்டுக்காரர்.

"வாலு ஒடிஞ்சா இன்னாத்தால நீஞ்சும்?"

வாலைத் தடவிய மீனவர் குனிந்து பார்த்தார். நைலான் வலைக் கயிறு சதைக்குள் இறங்கியிருந்தது. "எங்காளுங்க வலைதான், அறுந்து மெதக்குறது" என்று முணுமுணுத்தபடி கத்தியால் அறுத்தெடுத்தார்.

வேன் தார்ப்பாயை வயிற்றுக்கடியில் நுழைத்தார்கள். விழுந்த மாட்டைத் தூக்கும் அதே முறைதான். ஒவ்வொரு அலைக்கும் ஒரு சாண் திருப்பினார்கள். எட்டரை மணிக்கு ஒரு பெரிய அலை வந்தது, தாய் மிதந்தது. குட்டி குடுகுடுவென்று போய் அதன் விலாவில் ஒட்டிக்கொண்டது. தூரத்தில் இரண்டு புஸ் தெரிந்தது, ஒன்று பெரிது, ஒன்று சிறிது.

அப்பாடா! "நல்லாரு தாயி, புள்ளயோட நல்லாரு" என்று மாமியார் ஓவென்று அழுதார். எனக்குப் பசி வந்தது. மூன்று பேர் புளிசாதத்தை நான் ஒருத்தியே தின்றேன். முழுக்குப் போட எல்லாரும் மறந்தே போனோம்.

நீங்கள் போவதானால் கம்பெனிகளின் காலை ஷிப்ட் பஸ்கள் கிளம்புவதற்குள் ஒரகடத்தைத் தாண்டிவிடுங்கள். கரையில் திமிங்கலத்தைக் கண்டால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். வந்து சேரும்வரை மூக்குத் துளையை விட்டுவிட்டு உடம்பில் ஈரத்துணி போடலாம். வாலை மட்டும் இழுக்காதீர்கள். அறுந்த வலை, கயிறு கிடந்தால் பொறுக்கி அலை எட்டாத மேட்டில் போடுங்கள்.

ஆனியில் மகள் பிறந்தாள். ஒரகடம் கம்பெனி ஒன்றில் லைன் சூப்பர்வைசர் ஆனாள். போன வருடம் புனே தொழிற்சாலைக்குப் பதவி உயர்வு வந்தது. "உன்ன வுட்டுட்டு நான் எங்கியும் போவல" என்று கடிதத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனாள். எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன், ஊகூம். அன்று இரவு என் பெட்டியை முதலில் கட்டி வாசலில் வைத்தேன்.

இதைப் புனேயிலிருந்து எழுதுகிறேன். அவள் ஷிப்ட்டுக்குப் போயிருக்கிறாள். என் வீட்டுக்காரர் தன்னால வந்துவிட்டார்.