இழுப்பு மாத்திரை

எண்ணூர்ப் பக்கம் அந்தக் காலத்தில் பெரிய கம்பெனிகள் சைக்கிள் ரேஸ் ஓட்ட ஆள் வைத்திருந்தன. சேர்ப்பது கூலி வேலைக்கு. ஃபுட்பாலுக்கும் குத்துச்சண்டைக்கும் வியாசர்பாடியில் போய் ஆள் பிடித்து வருவார்கள். சைக்கிளுக்கு நான். அதற்கு முன்னால் காசிமேட்டில் இருந்து மீன்கூடையைக் கேரியரில் கட்டிக்கொண்டு திருவொற்றியூர் மார்க்கெட்டுக்கு மிதித்துக்கொண்டிருந்தேன். வெயில் ஏறுவதற்குள் போய்ச் சேராவிட்டால் மீன் வாயைப் பிளந்துவிடும், வாங்குகிறவள் செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் போய்விடுவாள். கால் பழகியது அதில்தான். ஒருநாள் கம்பெனி ஜீப்பை நான் முந்திப் போனதைப் பார்த்து ஒரு சூபர்வைசர் நிறுத்தி, வேலைக்கு வருகிறாயா என்று கேட்டார். ஜீப் மெதுவாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அதை நான் அவரிடம் சொல்லவில்லை.

என்னைப் பாய்லரில் சாம்பல் வாரப் போட்டார்கள். அங்கே எல்லோரும் கேஷுவல். மூன்று மாதத்துக்கு ஒரு முறை நிறுத்துவார்கள், நாலு நாள் கழித்துப் புதிதாகச் சேர்கிறவன் மாதிரி மறுபடியும் கேட் கார்டு கொடுப்பார்கள். அந்த நாலு நாளும் வீட்டில் யாரும் யாரிடமும் சரியாகப் பேச மாட்டோம். கார்டு திரும்பக் கிடைக்கும் என்று எழுதியா கொடுத்திருக்கிறார்கள்?

வருடத்துக்கு ஒரு தடவை, பொங்கல் கழித்து வருகிற ஞாயிற்றுக்கிழமை, கம்பெனிகளுக்குள் ரேஸ் நடக்கும். எண்ணூரில் கிளம்பி ராயபுரம் கல்மண்டபம் வரை போய்த் திரும்ப வேண்டும். அந்த வருடம் எங்கள் கம்பெனியில் ஒரு பேச்சு வந்தது. ஜெயிக்கிறவனைப் பர்மனென்ட் ஆக்குவார்கள். ஒரே ஒரு இடம். ஓட்டுகிறவர்கள் எங்கள் கம்பெனியில் இரண்டு பேர்.

இன்னொருவன் ராயபுரத்துக்காரன், என் வயசுதான். அவன் அப்பா ஹார்பரில் மூட்டை தூக்கினார். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசைக்குப் போகாமல் இருக்க மாட்டான். ரேஸ் நாளில் மட்டும் விடியற்காலைப் பூசைக்குப் போய்விட்டு வருவான். இரண்டு பேரும் தினம் ஷிப்டு முடிந்ததும் உப்பளத்து ரோட்டில் ஒன்றாகத்தான் மிதிப்போம். மட்கார்டு, கேரியர், பெல் எல்லாம் கழற்றி, ஹேண்டில்பாரைத் தலைகீழாகத் திருப்பி வைத்த வண்டிகள். என்னை மாமு என்பான், நானும் அவனை மாமு என்பேன்.

எனக்கு இழுப்பு இருந்தது. மீன் விற்ற காலத்தில் கிடையாது. சாம்பல் வாரப் போய் ஒரு வருடத்தில் வந்தது. மார்கழி, தை வந்தால் நெஞ்சுக்குள் பூனை கத்துகிற மாதிரி இருக்கும். மார்க்கெட் டாக்டரிடம் இருந்த கம்பவுண்டர் சின்ன வெள்ளை மாத்திரை பொட்டலம் கட்டிக் கொடுப்பார். ஒன்று போட்டால் அரை மணியில் மூச்சு திறக்கும். கை லேசாக நடுங்கும், இதயம் படபடக்கும், பசி இருக்காது. இந்த மாத்திரை விஷயம் கம்பெனியில் யாருக்கும் தெரியாது. தெரியக்கூடாது. பர்மனென்ட் ஆகும் முன் மெடிக்கல் என்று டாக்டர் பரிசோதனை உண்டு. எனக்கு முன்னால் அதே பாய்லரில் இருந்த ஒருவர் மெடிக்கலில் இருமினார். மறுநாள் அவருக்கு கேட் கார்டே இல்லை. கேட்டுக்கு வெளியே மத்தியானம் வரை நின்றிருந்தார். கையில் சாப்பாட்டுத் தூக்கு.

ரேஸ் அன்று போகும்போது நன்றாகப் போனேன். கிளம்பும்போது ஒரு மாத்திரை போட்டிருந்தேன். திரும்பும்போது வாடைக்காற்று முகத்தில் அடிக்கும் என்று தெரியும். கல்மண்டபத்தில் திரும்புகிற இடத்தில் தண்ணீர் கொடுத்தார்கள். சட்டைப் பையில் இருந்து இன்னொன்றை எடுத்து வாயில் போட்டேன். எப்போதும் ஒன்றுதான், அன்றைக்கு இரண்டு. மூச்சுக்காகப் போட்டேனா, ஜெயிக்கப் போட்டேனா என்று இத்தனை வயதில் யோசித்துப் பார்த்தாலும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. பின்னாலேயே வந்த ராயபுரத்துக்காரன் தண்ணீர் வாங்க நின்றான். என் கையைப் பார்த்தான்.

நான் முதலில் வந்தேன். அவன் இரண்டாவது. மாலை போட்டார்கள். கப்பு கொடுப்பதற்குள் மற்றொரு கம்பெனி ஆட்கள் என் கண்ணைப் பார்த்துவிட்டு, என்ன இவன் இப்படி முழிக்கிறான் என்று கிளப்பினார்கள். யாரோ ராயபுரத்துக்காரனைக் கேட்டார்கள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"கல்மண்டபத்தாண்ட இன்னாவோ மாத்திரை போட்டான். பார்த்தேன்."

லாரி டிரைவர்கள் தூங்காமல் இருக்க மாத்திரை போடுவது அந்த ரோட்டில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். கூட்டத்துக்கு அது போதும்.

"இன்னாபா, ரெண்டு லிட்டர் டீசல் ஊத்திகினியா?"

"மாலைய மாத்திரைக்கு போடுங்கடா!"

"தோ, ஹாரன் அடிக்கிறான், வயி வுடு!"

மாலையைக் கழற்றி ஹேண்டில்பாரில் மாட்டினேன். ஒன்றும் தோன்றவில்லை. தாகமாக இருந்தது.

மறுநாள் காலை லேபர் ஆபீசர் கூப்பிட்டு அனுப்பினார். போகிற வழியில் சைக்கிள் ஸ்டாண்டில் யூனியன் தலைவர் நிறுத்தினார்.

"நைனா, மாத்திரை போட்டியா?"

"போட்டேண்ணே."

"இன்னா மாத்திரை?"

"இயுப்புக்கு."

அவர் இரண்டு பக்கமும் பார்த்தார். "மெதுவா பேசு. எத்தினி நாளா கீது?"

"ரெண்டு வருசமா."

"கேட்டுக்கோ. உள்ள போய் இயுப்புன்னு சொன்னேன்னு வெச்சிக்கோ, கப்பு உனுக்குதான். அப்பால மெடிக்கல்ல தூக்கி வெளிய கடாசுவான். லாரி மாத்திரைன்னு சொன்னா கப்பு பூடும், பேரு நாறும். ஆனா சாம்பல் வாரிகினு கெடக்கலாம்."

"போடவே இல்லன்னு சொன்னா?"

"பார்த்தவன் கீறான்ல? சாமி முன்னாடி சத்தியம் பண்ணுன்னுவான். பண்ணுவியா?"

நான் சைக்கிளைப் பூட்டினேன்.

"அத்தான் சொல்றேன்" என்று பீடியைக் கீழே போட்டு மிதித்துவிட்டுப் போனார்.

ஆபீசர் ரூமில் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. மேஜை மேல் கப்பு. அதைத் துடைக்காமல் வைத்திருந்தார்கள், ரோட்டுத் தூசி அப்படியே இருந்தது. பக்கத்தில் ஒரு கிளார்க் பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்திருந்தான். காலையில் மாத்திரை போடாமல் போயிருந்தேன். நெஞ்சுக்குள் சத்தம் தொடங்கிவிட்டது. வாயை மூடி மூக்கால் கொஞ்சம் கொஞ்சமாக மூச்சு விட்டேன்.

"எதுக்குப்பா போட்டே?" என்றார் ஆபீசர்.

"ஜெயிக்கிறதுக்கு சார்."

"எங்க வாங்கினே?"

"லாரி ஸ்டாண்டுல சார்."

"உடம்புக்கு ஏதாவது தொந்தரவா?"

"உடம்புக்கு ஒண்ணும் இல்ல சார். நல்லாகீறேன்."

ஃபேன் சத்தம் மட்டும் இல்லை என்றால் என் நெஞ்சு அவருக்குக் கேட்டிருக்கும். கிளார்க் எழுதியதைப் படித்துக் காட்டினான். எனக்குப் பெயரை மட்டும் எழுதத் தெரியும், கீழே எழுதினேன். கப்பை ராயபுரத்துக்காரனுக்குக் கொடுத்தார்கள். என்னை ரேஸில் இருந்து எடுத்துவிட்டார்கள். வெளியே வந்து சாம்பல் வாரப் போனேன். அன்றைக்கு வேகன் நிறைய கரி வந்திருந்தது, மூன்று பேர் செய்கிற வேலையை இரண்டு பேர் செய்தோம்.

வீட்டில் பெண்சாதி தண்ணீர்க் குடத்தை டொம்மென்று வைத்தாள்.

"கொயாண்ட போனா 'மாத்திரைக்காரன் பொண்டாட்டி வந்துட்டா, வேகமா ரொப்பிடுவா'ன்றாளுங்க. இயுப்புன்னு சொல்றதுக்கு இன்னா உனுக்கு?"

"சொன்னா நாளிக்கு சோறு?"

அவள் தட்டை எடுத்து வைத்தாள். நெத்திலிக் குழம்பு. சாப்பிட்டேன். உப்பு இருந்ததா இல்லையா என்று நினைவில்லை.

ராயபுரத்துக்காரன் பர்மனென்ட் ஆனான். காக்கி யூனிஃபார்ம் கொடுத்தார்கள். அதைப் போட்டுக்கொண்டு ஒருநாள் சைக்கிள் ஸ்டாண்டில் என் பக்கத்தில் வந்து நின்றான். நான் பின் சக்கரத்துக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தேன்.

"மாமு, கோவமா?"

"இல்ல."

"உப்பளத்து ரோட்டுல தெனம் உன் பின்னாடியே வருவேன். உன் நெஞ்சு கத்தறது எனுக்கு கேக்காதா? இயுப்புன்னு எனுக்கு அப்பவே தெரியும்."

பம்பை நிறுத்தினேன்.

"அத்த சொல்லிருந்தா நீ கேட்டுக்கு வெளியதான் நின்னுகினு இருப்ப. அதான் மாத்திரைன்னு மட்டும் சொன்னேன்."

"ஒண்ணுமே சொல்லாம இருந்திருக்கலாமே மாமு."

"ஒரே ஒரு எடம்" என்றான். அப்புறம், "வூட்ல தங்கச்சி கல்யாணம் கீது" என்றான்.

கோபம் வரவேண்டிய இடம் அது. வரவில்லை. டயரை அழுத்திப் பார்த்தேன், போதும் என்று இருந்தது. பம்பை அவனிடம் நீட்டினேன், அவன் வண்டியிலும் காற்று குறைவாக இருந்தது. அவன் அடித்துக்கொண்டான். அதற்குப் பிறகும் பார்த்தால் பேசுவோம். மழை, ரேஷன், மீன் வரத்து. ஒன்றாக மிதிக்கவில்லை.

அந்தப் பேர் எனக்கு நின்றுவிட்டது. கேண்டீனில், "மாத்திரைக்கு ஒரு டீ" என்பார்கள். நானும் திரும்பிப் பார்ப்பேன். புதிதாக வந்தவர்கள் எதனால் அந்தப் பேர் என்று கேட்டால், ரேஸில் திருட்டுத்தனம் செய்தவன் என்று நானே சொல்லிவிடுவேன். கேட்கிறவன் காது யாருடையது என்று தெரியாதே.

அப்படி ஆறு ஏழு வருடம் போனது. யூனியன் ஒரு ஸ்டிரைக் நடத்தியது, பழைய கேஷுவல்களை மொத்தமாக எடுத்துக்கொள்ளச் சொல்லி. முடிவில் ஒத்துக்கொண்டார்கள். எங்களில் நாற்பது ஐம்பது பேரை ஒரே நாளில் மெடிக்கலுக்கு வரிசையில் நிற்க வைத்தார்கள். நான் காலையிலேயே இரண்டு மாத்திரை போட்டிருந்தேன். உள்ளங்கை வேர்த்துக்கொண்டே இருந்தது, சட்டையில் துடைத்துக்கொண்டே நின்றேன். என் முறை வந்தது. டாக்டர் தலை நிமிரவில்லை. பெயர் கேட்டார், நாக்கை நீட்டச் சொன்னார், பேப்பரில் ஃபிட் என்று சீல் குத்தினார். சட்டையைக் கழற்றவா என்று கேட்டேன்.

"வேண்டாம், போ. அடுத்த ஆள்" என்றார்.