பல் பார்த்த டிரில் மாஸ்டர்

டிரில் மாஸ்டர் சடையாண்டி யாரோடு பேசினாலும் கண்ணைப் பார்க்கமாட்டார். வாயைப் பார்த்துத்தான் பேசுவார். எதிரே நிற்பவர் சிரித்துவிட்டால் போதும், தலையைச் சாய்த்துக் கடைவாய் வரை ஒரு நோட்டம் விடுவார். திண்டுக்கல்லில் அந்த உயர்நிலைப் பள்ளியில் படித்தபோதும், பிறகு அங்கேயே வாத்தியாராக வந்தபோதும் நல்லுசாமி இதைக் கவனித்திருக்கிறான். அவர் முன்னால் அவன் சிரிப்பதில்லை.

மாஸ்டருக்கு அய்யலூர். ஆட்டு வியாபாரக் குடும்பம். சந்தையில் ஆட்டின் உதட்டைப் பிதுக்கி, ரெண்டு பல்லா நாலு பல்லா என்று பார்த்து வயது சொல்லி வளர்ந்தவர். ஐம்பதுகளின் தொடக்கத்தில் வேலைக்கு வந்து, மேடும் பள்ளமுமான இடத்தைச் சமன்செய்து இரண்டு கம்பம் நட்டார். கூடைப்பந்து என்ற பேரையே கேட்டிராத பையன்களை ஓடவிட்டார். மூன்றாம் வருஷமே மாவட்டக் கோப்பை கிடைத்தது. அன்று சாயங்காலமே அதைத் திருப்பிக் கொடுக்கவும் வேண்டியதாயிற்று. அதிகப் பந்து போட்ட பையனைத் தேடி, அவன் பெண்டாட்டி இடுப்பில் பிள்ளையோடு மைதானத்துக்கே வந்துவிட்டாள்; அவன் வயது வரம்பைத் தாண்டியவன் என்பது வெளியாகிவிட்டது.

"அடுத்த வருஷம் அந்தப் புள்ளையவும் டீமுல சேத்துக்கங்க மாஸ்டர்" என்று எதிர் அணியான வத்தலக்குண்டு ஆட்கள் கேலி பேசினார்கள்.

அதற்குப் பிறகு மாஸ்டர் எந்தப் பிறந்த தேதியையும் நம்பவில்லை. தலைக்கு மேலே கையைச் சுற்றிக் காதைத் தொட்டால் ஐந்து வயது என்று பள்ளிக்கூடமே தேதி போட்டுக்கொண்ட காலம். எதை நம்புவது? "வாயைத் தொறடா" என்பார். எதிர் அணிப் பையன்களையும் விடமாட்டார். சண்டை வரும். ஆனாலும் பத்து வருஷத்தில் இரண்டு கோப்பை வந்தது; ஒன்றும் திரும்பிப் போகவில்லை.

அறுபத்து மூன்றில் மீண்டும் இறுதி ஆட்டம். நல்லுசாமிதான் முன்வரிசையில் ஆடுபவன். அன்று காலை எல்லார் வாயையும் பார்த்துக்கொண்டு வந்த மாஸ்டர் அவனிடம் நின்றார். விரலை உள்ளே விட்டுக் கடைசியில் தடவினார்.

"கடைசிப் பல்லு மொளச்சிருச்சே. ஒனக்கு இருவது இருக்கும்டா. ஒக்காரு."

பதினேழு வயதுக்காரன் வெளியே உட்கார்ந்தான். அணி வத்தலக்குண்டிடம் தோற்றது. விளையாட்டை வைத்துக் கிடைத்திருக்க வேண்டிய கல்லூரி இடமும் போயிற்று.

மறுநாள் அகரத்திலிருந்து அவன் தாய் ஒச்சம்மாள், பூக்கூடையை இறக்கிவிட்ட கையோடு பள்ளிக்கு வந்தாள்.

"எங்க கெணறு வெட்டுன வருஷம் பெறந்தவன்யா இவன். வேட்டுச் சத்தத்துலதான் எனக்கு வலியே கண்டுச்சு."

"கெணறு வந்து சாட்சி சொல்லுமா? புள்ளைக்கு எடம் வேணும்னா மூணு வருஷத்த முழுங்கத்தான் செய்வீக."

வராந்தாவில் நின்ற பையன்கள் சிரித்தார்கள்.

"என்னையப் பொய்க்காரிங்கிறீகளா?"

"பல்லு பொய் சொல்லாது தாயி."

அந்தச் சந்தேகம் பஸ் ஏறி வீட்டுக்கும் வந்துவிட்டது. தனக்கு முன்னால் பிறந்து இறந்ததாகச் சொல்லும் அண்ணன் நிஜமாகவே இறந்தானா? அந்த அண்ணனே தான்தானோ? செத்துப்போன இளையவனின் பேரையும் வயதையும் மூத்தவனுக்கு வைத்துவிட்டார்களோ? சோறு போடும்போது நல்லுசாமி கேட்டேவிட்டான்.

ஒச்சம்மாள் அகப்பையைக் கீழே வைத்தாள். "நீயுமாடா?" என்றாள். அப்புறம் பல நாள் மகனிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அவன் வேறு கல்லூரியில் சேர்ந்து, குடும்பத்தில் முதல் ஆளாகப் பட்டம் வாங்கினான். படித்தவன் என்று பேர்; தன் வயது தனக்கே நிச்சயமில்லை. வாத்தியாராகப் பள்ளிக்குத் திரும்பியபோது மாஸ்டரை வேவு பார்ப்பதுபோலவே பார்த்தான். வத்தலக்குண்டுக்காரர்களிடம் காசுக்குக் கைநீட்டியிருப்பாரோ என்றுகூட நினைத்தான்.

ஒருநாள் மாஸ்டர் ஆசிரியர் அறைக்கு வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எம் மக சண்முகவள்ளிக்குப் பல்லு வலி. வாயத் தொறந்து பாத்தேன். கடைசிப் பல்லு மொளச்சு நிக்கிது."

"அதுக்கென்ன சார்?"

"அவளுக்குப் பதினாறுதான்ப்பா. பெறந்தன்னைக்கு இந்தக் கையால வாங்குனவன் நானு." கையை ஒருமுறை திருப்பிப் பார்த்துக்கொண்டார். "மனுசன் பல்லு வேற போல. ஒங்க ஆத்தாகிட்ட ஒரு வார்த்த சொல்லணும். வெள்ளிக்கிழம அகரத்துக்கு வாரேன்."

சக வாத்தியாராகிவிட்டதால் மழுப்புகிறாரோ என்று நல்லுசாமி யோசித்தான். இருந்தாலும் வீட்டில் சொன்னான்.

"நீ சொல்லி எனக்கு என்னத்துக்கு?" என்றாள் ஒச்சம்மாள். "நாலு பேரு சிரிக்கப் பேசுனவரு அவரு. அவரு வாயால வரட்டும்."

வெள்ளிக்கிழமை வந்தது. மாஸ்டர் வரவில்லை. எத்தனையோ வெள்ளிக்கிழமை போயிற்று. கேட்டால், "வாரேன் தம்பி, ஆட்டம் முடியட்டும்" என்பார்.

எழுபதாம் வருஷம் அவருக்கு வழியனுப்பு விழா. ஒச்சம்மாள் அழைக்காமலே வந்து முன்வரிசையில் உட்கார்ந்தாள். மாஸ்டர் அவளைப் பார்த்தார். தலைமையாசிரியருக்கு நன்றி சொன்னார். பந்து தைத்துக் கொடுத்தவருக்குச் சொன்னார். தண்ணீர் ஊற்றிய ஆயாவுக்கும் சொன்னார். பிறகு மாலையைக் கழற்றி வைத்துவிட்டு மேடையின் பின்பக்கமாக இறங்கிப் போய்விட்டார்.

அடுத்த தை மாதம் அய்யலூரில் அவர் இறந்துபோன செய்தி வந்தது. நல்லுசாமி சட்டையை மாட்டிக்கொண்டு தாயைக் கூப்பிட்டான். அவள் பூக்கட்டுவதை நிறுத்தவில்லை.

"நீ போயிட்டு வா. எனக்கு அந்தாளுகிட்ட வாங்க வேண்டிய வார்த்த ஒண்ணு கெடக்கு. அத வாங்காம நான் எப்படிப் போயி அழுவேன்?"