காயலான் கப்பல்

தங்கச் சுரங்கத்தை மூடப்போகிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சாக இருந்த சமயம். சுரங்கத்தை ஒட்டிய சாம்பியன் ரீப்ஸில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் நான் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். அங்கே இன்னொரு வாத்தியாரும் இருந்தார். என் வயதுதான். நான் போர்டில் எழுதியதை என் மாணவர்கள் எதிரிலேயே அழித்துவிட்டு வேறு எழுதினாரே, அன்றைக்கே அவரை எனக்குப் பிடிக்காமல் போனது. 'சார்', 'மேடம்' என்று மரியாதையாகக் கூப்பிட்டுக்கொண்டே சண்டை போட்டோம்.

மதியம் வகுப்பு இருக்காது. பெங்களூரிலிருந்து யாரோ கொண்டுவந்த சிடியில் ஒரு விளையாட்டு இருந்தது. விண்வெளியில் கப்பல் ஓட்ட வேண்டும், சரக்கு ஏற்ற வேண்டும், கொள்ளைக்காரர்களைச் சுட வேண்டும். அது ஓடுகிற மாதிரி கம்ப்யூட்டர் ஒன்றுதான். அந்த விளையாட்டிலோ ஒரே ஒரு ஆட்டத்தைத்தான் சேமிக்க முடியும். அதனால் ஒரே ஆட்டத்தை இருவரும் மாற்றி மாற்றி ஆடினோம், வேண்டாவெறுப்பாக.

ஒருநாள் திறந்தால் நான் மாசக்கணக்கில் ஆடிச் சேர்த்த சண்டைக் கப்பலைக் காணோம். திரை முழுக்க ஒரு பூதம் நின்றது. உடைந்த கப்பல்களைப் பொறுக்கி வருகிற காயலான் கப்பல்.

"யாரைக் கேட்டு மாத்தினீங்க சார்?"

"இன்னா மேடம், பொம்மை போச்சேன்னு அழுவுறீங்களா? ஓட்டிப் பாத்துட்டுப் பேசுங்க."

ஓட்டிப் பார்த்தேன், குற்றம் கண்டுபிடிப்பதற்காகவே. குற்றத்துக்குக் குறைவில்லை. திருப்பினால் மூக்கு திரும்புவதற்குள் எனக்குக் கொட்டாவி வந்தது. வேகம் சுத்தமாகக் கிடையாது. துப்பாக்கி முன்னால் மட்டும், முதுகு மொட்டை. ஆனால் செத்துக் கிடந்த ஒரு பெரிய கப்பலின்மேல் கொக்கியை வீசினேன், அலுங்காமல் இழுத்து வயிற்றுக்குள் போட்டுக்கொண்டது. அதை ஒப்புக்கொள்ள எனக்கு எரிச்சலாக இருந்தது.

"இழுக்கறதுக்கு நல்ல கப்பல்தான். ஆனா பின்னாடி ஒருத்தன் வந்தா முடிஞ்சுது. தனியா தூரம் போவாதீங்க."

"உங்களுக்கு ஓட்டத் தெரியல. எழுந்திருங்க."

அவர் உட்கார்ந்து வேண்டுமென்றே தூரமாகப் போனார். வயிறு நிறையச் சரக்கு. பின்னாலிருந்து கொள்ளைக்காரர்கள் வந்தார்கள்.

"சரக்கைத் தள்ளி விடுங்க சார், அப்பதான் ஓட முடியும்!"

"வாய மூடுங்க!"

கப்பல் தீப்பிடித்தது. பதற்றத்தில் அவர் அந்த நிலையிலேயே ஆட்டத்தைச் சேமித்துவிட்டார். அடுத்த நொடி வெடித்தது. மறுபடி திறந்தார், வெடித்தது. எத்தனை முறை திறந்தாலும் அதே தீ, அதே வெடிப்பு. நான் பின்னால் நின்று வாய்விட்டுச் சிரித்தேன்.

"நீங்க கத்துனதாலதான் போச்சு," என்று விளையாட்டையே அழித்துவிட்டார்.

அதன் பிறகு நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. சுரங்கம் மூடியதும் மாணவர்கள் குறைந்தார்கள். ஒருவரைத்தான் வைத்துக்கொள்ள முடியும் என்றார் சென்டர் முதலாளி. "மேடம் கேம் ஆடத்தான் சார் வர்றாங்க," என்று அந்த வாத்தியார் என் எதிரிலேயே முதலாளியிடம் சொன்னார். நீயும்தானே ஆடினாய் என்று கத்தினேன். முதலாளி காதில் வாங்கவில்லை, சாரையே வைத்துக்கொண்டார். நான் பெங்களூருக்கு ரயிலேறிப் போய் வேலை தேடிக்கொண்டேன்.

சில மாதத்தில் சென்டரையும் மூடிவிட்டார்களாம். லீவுக்கு வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தபோது அம்மாதான் சொன்னாள். "பாவம், அந்தப் பையன் சும்மா சுத்தினு இருக்கான்," என்றாள். எனக்குப் பாவமாக இல்லை. இன்னும் கொஞ்சம் சோறு போடச் சொன்னேன்.