முடக்கில் தேய்ந்த டயர்

லொறி டயர் எத்தனை காலம் வரும் என்று யாராவது கேட்டால் எனக்கு எரிச்சல்தான் வரும். எந்தப் பாதை, எவ்வளவு பாரம், யார் கையில் வண்டி என்று ஒன்றும் சொல்லாமல், சோப்புக்கட்டி எத்தனை நாள் வரும் என்று கேட்பதைப் போலக் கேட்பார்கள். கொழும்புப் பாதையில் வருடக்கணக்கில் ஓடுகிற டயர், தெஹியோவிட்டவுக்கு மேலே எங்கள் தோட்டத்துப் பாதையில் ஒரு மழைக்காலத்தைத் தாண்டினால் பெரிய விஷயம்.

நான் அந்தத் தோட்டத்து ஆபீசில் கிளாக்கராக இருந்தேன். சம்பளக் கணக்கு வேறொருவரிடம். லொறியும் அதற்கான சாமான்களும் என் பொறுப்பு. தோட்டங்களைக் கம்பெனிகள் எடுத்து நடத்தத் தொடங்கியிருந்த காலம். அதற்கு முன்பு டயர் தேய்ந்தால் வேறு டயர் வரும், தாமதமாக வரும், ஆனால் வரும். கம்பெனி வந்த பிறகு டயருக்குப் பதிலாகக் கேள்வி வந்தது. ஏன் தேய்ந்தது? யார் ஓட்டியது? பக்கத்துத் தோட்டத்தில் இன்னும் ஓடுகிறதே, உங்களிடம் மட்டும் ஏன் ஓடவில்லை?

பக்கத்துத் தோட்டத்தில் பாதை தட்டை. இதை நான் எத்தனையோ முறை சொல்லிவிட்டேன். எங்கள் தோட்டத்தில் கீழ்ப் பகுதி ரப்பர், மேல் பகுதி தேயிலை. மேலே இருந்து கொழுந்து மூட்டைகளை ஏற்றிக்கொண்டு ஸ்டோருக்கு, அதாவது தேயிலைத் தொழிற்சாலைக்கு, இறங்கும் பாதை, வெள்ளைக்காரன் மாட்டு வண்டிக்காக வெட்டியது. முடக்குக்கு முடக்கு, வளைவுக்கு வளைவு உடைகல். மழை மண்ணைக் கழுவிக்கொண்டு போய்விட்டதால் கற்கள் கூர் மேலே பார்க்க நின்றன. அதன்மேல் லொறி இறங்கும்போது பிரேக் பிடித்தபடியே இறங்க வேண்டும். ஏறும்போது பின் சக்கரங்கள் சுற்றிச் சுற்றிக் கல்லைக் கடிக்கும். இதெல்லாம் கொழும்பில் இருக்கிறவர்களுக்கு எப்படிப் புரியும்?

காரணம் சொல்ல ஆட்களுக்குப் பஞ்சமில்லை. ஊரில் டயர் கடை வைத்திருந்த முஸ்லிம் நானா, பாரத்தைக் குறைக்கச் சொன்னார். லொறி திருத்தும் பாஸ், முன் சக்கரம் கோணலாக நிற்கிறது என்றார். கண்ணேறு என்று சொல்லி ஒருவர் முன்னால் எலுமிச்சங்காயும் மிளகாயும் கட்டிவிட்டுப் போனார். பொறுக்க முடியாமல், டயரைப் பற்றிய இங்கிலீஷ் புத்தகம் ஒன்றைக் கொழும்பிலிருந்து வரவழைத்துப் படித்தேன். காற்றுக் குறைந்தால் டயரின் இரண்டு ஓரமும் தேயும், கூடினால் நடு தேயும். சக்கரம் கோணலானால் ஒரு பக்கம் மட்டும் தேயும். பின்னால் ஜோடியாக ஓடும் டயர்களில் ஒன்று மெலிந்தால் மற்றது இரண்டு பேர் பாரத்தையும் சுமந்து சீக்கிரம் சாகும். குறுகிய இடத்தில் வண்டியைத் திருப்பினால் அந்த ஜோடி உருளாது, தரையில் அரைபடும். இவ்வளவும் எனக்குத் தெரியும். நான் செய்ததைத் தெரியாமல் செய்தேன் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது என்பதற்காகவே இதை முன்னதாகச் சொல்கிறேன்.

அந்தக் காலத்தில் லொறி ஓட்டியவன் எங்கள் தோட்டத்துத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்தவன். முப்பது வயதிருக்கும். சிங்களம் நம் தமிழைவிட நன்றாகப் பேசுவான். கைக்காசுக்குத்தான் ஓட்டினான், அதாவது ஓட்டிய நாளுக்கு மட்டும் கூலி. பேர் பதிந்தால் நிரந்தர வேலை, சேமலாப நிதி, டிரைவருக்கென்று இருந்த தனி வீடு. மனைவி, பிள்ளைகள், தாய், தங்கை எல்லோரும் ஒரே லயத்துக் காம்பராவில், ஒற்றை அறையில், இருந்தார்கள். அவன் கேட்டுக் கேட்டு அலுத்த பிறகு ஒரு நாள் தோட்டத்து மேனேஜரான துரை ஆபீசில் வைத்து, புதிதாகப் போட்டிருக்கும் டயர்கள் அடுத்த தீபாவளி வரை ஓடினால் பேர் பதிவதாகச் சொன்னார். நான் பக்கத்தில் நின்றேன். அந்த மனிதனின் வேலையை ரப்பரில் கொண்டுபோய்க் கட்டிவிட்டாரே என்று எனக்குக் கோபம்கூட வந்தது.

அதற்குப் பிறகு அவனோடு பட்ட பாடு கொஞ்சமல்ல. தினமும் வேலை முடிந்ததும் கம்பியை எடுத்துக்கொண்டு பின் ஜோடி டயர்களுக்கு நடுவில் சிக்கிய கற்களைக் குத்தி எடுப்பான். முன்னே இருப்பதைப் பின்னே மாற்றுவான். காற்றுப் பார்க்க ஊருக்குப் போக வேண்டும் என்று என் மேசைக்கு முன்னால் வந்து நிற்பான். யார் கை காட்டினாலும் நிறுத்த மாட்டான். ஒரு மூட்டை அதிகமாக ஏற்ற விட மாட்டான். கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் நிற்கிற பெண்கள் அவனைச் சும்மா விடவில்லை.

“பொண்டாட்டிய விட்டுட்டு டயருக்குத் தாலி கட்டிக்கிட்டியா தம்பி?” என்று ஒருத்தி கேட்டாள்.

“ஆமா அக்கா. இவ தேஞ்சா எனக்குச் சோறு கெடைக்காது” என்றான் அவன்.

எனக்கு அவன்மேல் எரிச்சல்தான். ஒரு மணி நேரத்தில் முடியும் நடைக்கு இரண்டு மணி நேரம் எடுப்பான். ஸ்டோரிலிருந்து டீமேக்கர் கொழுந்து வரவில்லை என்று என்னைத் திட்டுவார். ஆனால் டயர் நன்றாக இருந்தது. தைப்பொங்கல் கழிந்தும் அதன் மேல்வரிப் பூ அழியவில்லை. துரையே ஒரு நாள் குனிந்து பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

சித்திரையில் அம்மன் கோயில் திருவிழா வந்தது. கோயில் கமிட்டிக்கு நான் செயலாளர். எங்களிடம் தேர் கிடையாது. லொறியைச் சோடித்து, அதன்மேல் அம்மனை வைத்து, மின்விளக்குக்கு ஒரு ஜெனரேட்டரையும் ஏற்றி, தோட்டம் முழுக்கக் கொண்டு போவோம். ஒவ்வொரு லயத்துக்கு முன்னாலும் நிறுத்த வேண்டும். நிறுத்தினால் மட்டும் போதாது. லொறியை முன்னும் பின்னும் எடுத்துத் திருப்பி, அம்மனின் முகம் அந்த லயத்து வாசலைப் பார்க்கும்படி நிறுத்த வேண்டும். ஒரு லயத்துக்கு முகம் காட்டிவிட்டு அடுத்ததற்கு முதுகைக் காட்டிப் போனால் அடுத்த வருடம் வரை பேச்சு ஓயாது. எந்த வருடம் யார் லயத்துக்குச் சரியாகத் திரும்பவில்லை என்பதைச் சொந்தப் பிள்ளையின் பிறந்த நாளை மறந்தவர்கள்கூட நினைவில் வைத்திருப்பார்கள். தேங்காய் வேறு. ஒவ்வோர் இடத்திலும் லொறிக்கு முன்னால் குவியலாக உடைப்பார்கள். அந்தச் சிரட்டைத் துண்டுகளின்மேல்தான் சக்கரம் போக வேண்டும்.

அவன் கமிட்டியிடம் வந்து, டிராக்டர் பெட்டியில் அம்மனை வைக்கலாமே என்று கேட்டான். உரம் ஏற்றும் பெட்டியில் அம்மனா என்று எல்லோரும் சீறினார்கள். நானும் சீறினேன். பிறகு துரையிடம் போய் லொறிக்கு அனுமதி வாங்கியவன் நான்தான். வண்டிப் பாதையை விட்டு வேறெங்கும் போகக் கூடாது என்று துரை சொன்னதற்குச் சரி என்று தலையாட்டியவனும் நான்தான்.

தோட்டம் எனக்குக் கொடுத்திருந்த வீடு, என் குவார்ட்டஸ், வண்டிப் பாதையில் இல்லை. பாதையிலிருந்து பிரிந்து மேலே ஏறும் ஒரு கிளைப் பாதையின் முடக்கில் இருந்தது. ஒரு பக்கம் மழைத் தண்ணீர் ஓடக் கருங்கல் கட்டிய கான், மறுபக்கம் மண் திட்டு. ஜீப் திரும்பவே கஷ்டமான இடம். எனக்கு முன்பிருந்த கிளாக்கரின் காலத்தில் ஒரு சின்ன லொறி அங்கே ஏறித் திரும்பியதாம். ஆகவே எனக்கும் அது உரிமை என்று நினைத்தேன். இரத்தினபுரியிலிருந்து என் மனைவியின் உறவுக்காரர்கள் வந்திருந்தார்கள். வாசலில் நிறைகுடம் வைத்து, கோலம் போட்டு, தட்டோடு காத்திருந்தார்கள்.

லொறி கிளைப் பாதையின் அடியில் நின்றுவிட்டது. தப்பு அடித்தவர்கள் நிறுத்தினார்கள். சனம் முழுவதும் என்னைப் பார்த்தது. நான் கதவருகே போனேன்.

“ஐயா, நீங்க எல்லாரும் கீழ எறங்கி வாங்க. சாமிய இங்கயே கும்பிட்டுக்கலாம்” என்றான் அவன்.

“ஏன், மேல ஏறாதா?”

“ஏறும். திருப்பத்தான் முடியாதுங்க. கான் கல்லுல பின்டயரு அரைபடும். தீபாவளிக்கு இன்னும் எவ்வளவு நாள் கெடக்கு, ஒங்களுக்குத் தெரியாதா?”

அவன் மெதுவாகத்தான் சொன்னான். ஆனால் கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்கானதா என்று இன்றுவரை தெரியாது.

“எல்லா லயத்துக்கும் திரும்பின சாமி என் வாசலுக்கு மட்டும் திரும்பாதா?” என்றேன். “டயருக்கு நான் பொறுப்பு. துரைகிட்ட நான் சொல்லிக்கிறேன். நீ ஏத்து.”

“ஐயா பொறுப்புங்களா?”

“நான்தான் சொல்றேனே.”

அவன் ஏற்றினான். முன்னே ஒரு முழம், பின்னே ஒரு முழம் என்று திருப்பினான். மேலே அம்மன், ஐயர், ஜெனரேட்டர். பின் ஜோடி டயர்கள் உருளாமல் கல்மேல் இழுபட்டு முனகிய சத்தம் மேளத்தையும் மீறி எனக்குக் கேட்டது. புத்தகத்தில் படித்த சத்தம். ஒரு தடவை ஜோடியின் வெளி டயர் கானின் விளிம்பில் ஏறி வழுக்கி விழுந்தது. என் மனைவி தேங்காய் உடைத்தாள். அம்மன் எங்கள் வாசலைப் பார்த்தாள். உறவுக்காரர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். எனக்கு நெஞ்சு நிறைந்திருந்தது, அதையும் மறைக்க விரும்பவில்லை.

மறுநாள் காலையில் வெளி டயரில் காற்றில்லை. பக்கச் சுவர் கிழிந்து உள்ளே நூல் தெரிந்தது. ஸ்பெயார் டயர் தேய்ந்த பிறகு மேல்ரப்பர் ஒட்டி ரீபில்ட் செய்தது, உயரம் குறைவு, மற்றதோடு பொருந்தாது. அதைப் போட்டுக்கொண்டு அவன் கொழுந்துக்குப் போக வேண்டியதாயிற்று. இரு டயர்களுக்கு நடுவே இறுகியிருந்த கல்லையும் சிரட்டையையும் குத்தி எடுத்திருந்தான், ஆனால் உள் டயரை அவை ஏற்கனவே அறுத்துவிட்டிருந்தன. முழுப் பாரமும் அதன்மேல் விழுந்தது. பாதி வழியில் வெடித்தது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. கொழுந்து மட்டும் வெயிலில் கிடந்து கருகியது.

துரை இடத்துக்கே வந்தார். குந்தி உட்கார்ந்து டயரைப் பார்த்தார். நேற்று லொறி வண்டிப் பாதையை விட்டு எங்காவது போனதா என்று என்னிடம் இங்கிலீஷில் கேட்டார். அவன் இரண்டடி தள்ளி நின்றான். இங்கிலீஷ் அவனுக்குத் தெரியாது. ஆனால் என்ன கேட்கிறார் என்பது தெரியாமலிருக்க வழியில்லை. நான் பேசுவதற்காக என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

நான் இல்லை என்றேன். இல்லை என்பதோடு நிறுத்தியிருக்கலாம். பிரேக்கை அழுத்திப் பிடித்தபடி இறக்குகிறான், முடக்கை அகலமாக எடுக்கத் தெரியவில்லை, பக்கச் சுவர் கிழிவது அதனால்தான் என்று விளக்கம் கொடுத்தேன். தோட்டத்தில் டயரைப் பற்றிப் படித்தவன் நான் ஒருவன்தான். என் பேச்சு எடுபட்டது. துரை அவனிடம் சிங்களத்தில் ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று கேட்டார். அவன் என்னை இன்னும் ஒரு தடவை பார்த்துவிட்டு, “நே சேர்” என்றான். இல்லை ஐயா என்று அர்த்தம்.

ஏன் சொல்லவில்லை என்று பல வருடங்கள் அவன்மேலேயே எரிச்சல்பட்டேன். சொல்லியிருந்தால் நான் ஒத்துக்கொண்டிருப்பேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். ஒரு கைக்காசு டிரைவர் சொல்வதா, கிளாக்கர் சொல்வதா என்பதை அவன் என்னைவிடச் சீக்கிரம் கணக்குப் பார்த்துவிட்டான், அவ்வளவுதான்.

பேர் பதியவில்லை. லொறியிலிருந்து இறக்கிக் கான் வெட்டப் போட்டார்கள். ஒரு மாதம் வெட்டினான். பிறகு குடும்பத்தோடு எஹலியகொட பக்கம் போய்விட்டதாகச் சொன்னார்கள். அடுத்த திருவிழாவில் என் வாசலுக்கு லொறி வர வேண்டாம் என்று கமிட்டியில் சொல்லிவிட்டேன். கிளாக்கர் ஐயாவுக்கு எவ்வளவு அடக்கம் என்று கூட்டத்தில் பாராட்டி மாலை போட்டார்கள். அந்த மாலையையும் கழுத்தை நீட்டி வாங்கிக்கொண்டேன்.

நான் ஓய்வு பெற்று ஒன்றிரண்டு வருடங்களுக்குப் பிறகு ஒரு நாள். நாங்கள் இன்னும் தோட்டத்துக்குள்ளேயே, ஒரு பழைய வீட்டில் இருந்தோம். ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு மனைவியோடு தெஹியோவிட்ட பஸ் நிலையத்தில் நின்றேன். பேய் மழை. வரும் என்ற பஸ் வரவில்லை, வராது என்றும் யாரும் சொல்லவில்லை. அப்போது ஒரு டிப்பர் லொறி வந்து எங்களுக்கு முன்னால் நின்றது. இறங்கியவன் அவன். நரைத்திருந்தான். என் மனைவியின் கையிலிருந்த பையை வாங்கினான்.

“ஏறுங்கம்மா. சந்தி வரைக்கும் விடுறேன்.”

வழியெல்லாம் என் மனைவிதான் பேசினாள். டிப்பர் அவனுடைய சொந்தம். மூத்தவள் படித்து முடிக்கப் போகிறாள். தாய் போய்விட்டார். எஹலியகொடவில் ஆறு பேர்ச்சஸ் காணி. நான் கண்ணாடியில் வழிந்த தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்ல வேண்டியதைச் சொல்ல வாயெடுத்தேன். மனைவி இருக்கிறாளே என்று நினைத்தேன். எனக்கு எப்போதும் ஒரு காரணம் கிடைத்துவிடும்.

தோட்டத்துச் சந்தியில் நிறுத்தினான். மேலே ஏறும் பாதை மழையில் ஆறாக ஓடியது.

“மேல வரமாட்டேங்கய்யா” என்றான். குரலில் கோபம் எதுவும் இல்லை. “டயரு புதுசு.”

இறங்கினோம். பையை என் கையில் கொடுத்தான். நான் அவன் முகத்தைப் பார்க்காமல் டயரைப் பார்த்தேன். புதிதல்ல. ஓரமும் நடுவும் ஒரே அளவாக, அழகாகத் தேய்ந்திருந்தன.

டிப்பர் போன பிறகு மனைவி குடையை விரித்தபடி என்னைக் கடிந்துகொண்டாள்.

“என்னாங்க, வாய்ல என்ன கொழுக்கட்டையா? டயரு புதுசுன்னா என்ன, இன்னும் ஒரு வார்த்தை கேட்டிருந்தா வீட்டு வாசல்லயே விட்டிருப்பானே.”

வீடு வரும் வரை அதையே சொல்லிக்கொண்டு வந்தாள். என் பழைய குவார்ட்டஸ் முடக்கைத் தாண்டித்தான் போக வேண்டும். அங்கே மூச்சு வாங்க நின்றபோது, அன்றைக்கு அம்மன் ஏன் நம் வாசலுக்குத் திரும்பினாள் என்று அவளிடம் சொன்னேன். துரையிடம் நான் என்ன சொன்னேன் என்பதையும் சொன்னேன். குடையை என் கையில் கொடுத்துவிட்டு மழையில் முன்னால் நடந்து போனாள்.