தோற்றவர்களின் பட்டியல்

ஐம்பதுகளின் நடுவில், பெங்களூரில் தண்டு என்று சொல்கிற கன்டோன்மென்ட் பகுதியில் ஒரு சர்க்கார் பெண்கள் நடுநிலைப் பள்ளியில் தமிழ்ப் பிரிவுக்கு நான் டீச்சராக இருந்தேன். வேலை தற்காலிகம். கோடை விடுமுறை முடிந்ததும் ஆர்டர் வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. அதனால் ஹெட்மாஸ்டர் ஆள் அனுப்பினாலே வேலை போயிற்று என்றுதான் நினைப்பேன்.

அந்த வருஷம் அரை வருஷப் பரீட்சை முடிந்து கூப்பிட்டனுப்பினார். கன்னடப் பிரிவும் உருதுப் பிரிவும் ஓரளவு தேறியிருந்தன. என் ஏழாம் வகுப்பில் பாதிக்கு மேல் கணக்கில் தோல்வி. இன்ஸ்பெக்டர் கேட்டிருக்கிறார் என்று ஒரு நீளத் தாளை நீட்டினார். பெயர், தாய்மொழி, ஜாதி, தகப்பன் தொழில், மார்க்கு. கடைசிக் கட்டத்தில், தோற்றதற்குக் காரணம்.

"இதுல என்ன சார் எழுதறது?"

"எல்லாத்துக்கும் 'வீட்டில் படிப்பு வாசனை இல்லை'ன்னு போட்டுடுங்கம்மா. வேற எழுதினா நம்ம தலையிலதான் விடியும். பிரிவையே மூடிடலாம்னு மேல பேச்சு இருக்கு."

மூடினால் பிள்ளைகள் எங்கே போவார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. என் வேலை போய்விடும் என்றுதான் தோன்றியது. இந்த வயதில் அதை மறைக்க என்ன இருக்கிறது?

அன்று மாலையே, தகப்பன்மார் தொழிலைக் கேட்டு எழுதப் பள்ளிக்குப் பின்னால் இருந்த லைன் வீடுகளுக்குப் போனேன். நான் ஊரின் மறுபக்கம் மல்லேஸ்வரத்துக்காரி, எங்கள் வீட்டில் எல்லோரும் மைசூர் சமஸ்தான உத்தியோகம் பார்த்தவர்கள். மூன்று வருஷம் அந்தப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியும் அந்தச் சந்துக்குள் கால் வைத்ததில்லை. வாசலில் நின்றபடியே கேட்டேன். பங்களா பட்லர், மில் கூலி, கார்ப்பரேஷன் குப்பை வண்டி என்றார்கள். ஜாதியைக் கேட்டபோது குரல்கள் தணிந்தன. எதற்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

மறுநாள் பாதி பெஞ்சுகள் காலி. அதற்கு அடுத்த நாள் நாலே பேர் வந்தார்கள். அதில் ஒருத்தியைக் கேட்டேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"பேரு எழுதிக்கினு போன வூட்டையெல்லாம் இடிப்பாங்களாம் டீச்சர். ஒரு குடும்பம் ராத்திரியே மூட்டை கட்டிக்கினு பூட்டாங்க."

திங்கட்கிழமை இன்ஸ்பெக்டர் வருகிறார். வகுப்பே இல்லாத டீச்சரைப் பார்த்து என்ன சொல்வார்? அந்த ஜனங்கள் என்னைக் கண்டு பயந்திருந்தார்கள். நான் இன்ஸ்பெக்டரைக் கண்டு பயந்திருந்தேன்.

சனிக்கிழமை காலை பட்டியலோடு திரும்பப் போனேன். லைனுக்கு ஒரே குழாய். தண்ணீர் வர இன்னும் நேரம் இருந்தும் அங்கே குடங்களோடு என் வகுப்புப் பெண்களே வரிசையில் நின்றார்கள். குழாயடிக் கல்லில் உட்கார்ந்து, எழுதியிருந்ததை ஒவ்வொரு பெயராக உரக்கப் படித்தேன். வீடு இடிப்பதைப் பற்றி எதுவும் இல்லை என்று அவர்கள் காதாலேயே கேட்கட்டும் என்று.

முடித்ததும், வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த ஒரு தாய் கிட்டே வந்தாள். பங்களாவில் ஆயா வேலை செய்பவள். அவள் மகள் வாய்ப்பாட்டைத் தலைகீழாகச் சொல்வாள். ஆனால் பரீட்சையில் கணக்கில் தோற்றிருந்தாள்.

"கடைசிக் கட்டம் காலியா கீதே டீச்சரம்மா?"

"அது ஏன் தோத்தாங்கன்னு எழுதறதுக்கு."

"தண்ணி ஒம்பது மணிக்கு மேலதான் வுடறான். நாங்க அதுக்கு முன்னாடியே வேலைக்குப் பூடுவோம். பொண்ணுதான் புடிக்கணும். அது இஸ்கூலுக்கு வர்றதுக்குள்ள உங்க கணக்கு முடிஞ்சிடுது. வேற எப்ப படிக்கும்?"

கணக்கு முதல் பீரியட். தாமதமாக வருகிறவர்களை வாசலில் நிறுத்திவைத்தவளே நான்தான். வரிசையில் நின்றவர்களும் அதையே சொல்ல, கடைசிக் கட்டத்தில் ஒவ்வொரு பெயருக்கும் 'தண்ணீர்' என்று எழுதினேன்.

திங்கட்கிழமை ஏறக்குறைய எல்லோரும் வந்துவிட்டார்கள். இன்ஸ்பெக்டர் தாளை மேலிருந்து கீழ் வரை பார்த்தார். கன்னடத்தில் கேட்டார்: "எல்லாருக்கும் தண்ணீரா?"

குழாய் திறக்கும் நேரத்தையும் கணக்குப் பீரியடையும் கன்னடத்திலேயே சொன்னேன்.

"யார் எழுதச் சொன்னது?"

ஹெட்மாஸ்டர் சுவரைப் பார்த்தார். "நானாகத்தான் எழுதினேன்" என்றேன்.

அவர் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். கோடை முழுக்கத் தபால்காரர் தெருவில் திரும்பும்போதெல்லாம் வாசலுக்கு ஓடினேன்.

ஜூனில் ஆர்டர் வந்தது. பிரிவும் நிலைத்தது. தண்ணீர் பற்றி ஒரு வரி இல்லை. ஆனால் புது டைம்டேபிளில் ஹெட்மாஸ்டர் எங்கள் கணக்கை மத்தியானத்துக்கு மாற்றியிருந்தார். ஏழாவதிலேயே நின்றுபோன ஆயாவின் மகள் அந்த வருஷம் தேறினாள்.

ராத்திரியோடு ராத்திரியாகப் போன குடும்பத்தில் என் மாணவி ஒருத்தி இருந்தாள். ராஜ்ய எல்லையில் இருக்கும் அத்திபெலே தாண்டிப் போய்விட்டார்கள் என்று மட்டும் சொன்னார்கள். இரண்டு முறை விசாரித்தேன். எந்த ஊர் என்று யாருக்கும் தெரியவில்லை.