கஸ்தூரி அக்கா கேட்ட லிஃப்ட் கேள்வி

செய்தி, நாம் படத்துக்கு டிக்கெட் எடுக்கும் வாட்சாப் குழுவில்தான் வந்தது. சனிக்கிழமை எத்தனை மணிக் காட்சி என்று யாரோ கேட்டிருந்தார்கள். அதற்குக் கீழே, கஸ்தூரி அக்கா டெங்கிக் காய்ச்சலில் இறந்துவிட்டதாக அவர் தங்கை எழுதியிருந்தார்.

இந்தக் குழுவில் இருக்கும் உங்களுக்கு அக்காவை என்னைவிட நன்றாகத் தெரியும். நம் அடுக்குமாடியில் ஏழாம் மாடி, கையுறைத் தொழிற்சாலையில் வேலை, சொந்த ஊர் சுங்காய் பக்கம் ஒரு பழைய ரப்பர் தோட்டம். எனக்குப் பதினாறு வயது, நான்காம் படிவத்தில் படிக்கிறேன். படத்துக்கு அம்மாவோடு வருகிறவள். அம்மா தூங்கிய பிறகு, போர்வைக்குள் போனை வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது. இரண்டு மாதமாக ஒருவர் என் பின்னால் வருகிறார். அக்காவிடம் சொல்வதாக இருந்தேன். அதற்குள் அவர் போய்விட்டார்.

அக்காவுக்கு இயக்குநர் பெயரெல்லாம் தெரியாது. படம் முடிந்து ரொட்டி சாப்பிட மாமாக் கடையில் உட்கார்ந்ததும் தன் தீர்ப்பைச் சொல்லிவிடுவார். ஒரு குடும்பப் படத்தில் அப்பாவாக நடித்தவர் கடைசி அரை மணி நேரமும் அழுதார். நாமெல்லாம் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தோம். "அழுவுறதுக்கு டிக்கெட் வேற வாங்கணுமா? எங்க ஃபேக்டரி டாய்லெட்டுக்கு வாங்கலா, தினமும் ஒருத்தி ஓசியில அழுவா" என்றார் அக்கா.

பிரியப்போகும் கணவன் மனைவியைப் பற்றிய இன்னொரு படத்தில் பாதிப் பேர் தூங்கிவிட்டோம். அவருக்கு அது பிடித்திருந்தது. சண்டைக்கு நடுவில் கணவன் எழுந்து போய்ச் சோற்றுப் பானையைக் கழுவி வைத்தானே, அதுதான் கிளைமாக்ஸ் என்று வாதாடினார். அதைப் பார்க்க வீட்டிலேயே இருந்திருப்பேன் என்றார் என் அம்மா. "உங்க வீட்டுல யாரு கழுவுறா, அத மொதல்ல சொல்லுங்கக்கா" என்றார் கஸ்தூரி அக்கா. அம்மாவே சிரித்துவிட்டார்.

காதல் த்ரில்லர் என்றால் கொலைகாரனை முதலிலேயே கண்டுபிடித்து, பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லியும்விடுவார். அதனால் அவர் தங்கைகூடப் பக்கத்தில் உட்கார மாட்டார். ரொம்ப நல்லவனாக வருகிறவன் மேல்தான் அவருக்குச் சந்தேகம். பெரும்பாலும் அது சரியாகவே இருக்கும்.

கடைசியாக நாம் பார்த்த படத்தில், வேண்டாம் என்று சொன்ன பெண்ணை நாயகன் பஸ், அலுவலகம், கோயில் என்று துரத்துகிறான். கையை அறுத்துக்கொள்வேன் என்கிறான். முடிவில் அவள் சம்மதிக்கிறாள். அரங்கமே கைதட்டியது. கடையில் எல்லோரும் அவனைப் பாவம் என்றார்கள்.

"இது காதல் இல்லலா. சும்மா கச்சாவ் பண்றான், தொல்ல குடுக்குறான்" என்றார் அக்கா. பிறகு என் பக்கம் திரும்பி, "அவன் நம்ம லிஃப்ட்ல தனியா நின்னா நீ ஏறுவியா?" என்றார்.

படியில் போவேன் என்றேன்.

"இப்பவும் படியிலதானே போற?"

மற்றவர்கள் ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள். அக்கா ரொட்டித் தட்டை என் பக்கம் தள்ளினார். "அடுத்த வாரம் நீயும் நானும் மட்டும் பேசலாம்" என்றார். அந்த வாரம்தான் அவருக்குக் காய்ச்சல் கண்டது.

சுங்காய்க்குக் கொண்டுபோவதற்கு முன் அக்காவைக் கீழ் மண்டபத்தில் வைத்திருந்தார்கள். என் பின்னால் வருகிறவரும் அங்கே வந்திருந்தார். நாற்காலிகளை அடுக்கினார், பெரியவர்களைக் கைபிடித்து உட்கார வைத்தார். தங்கமான பையன் என்று என் அம்மா சொன்னார். எல்லோரும் பூப்போட எழுந்தபோது அவர் என் பின்னால் வந்து நின்று, தன் செய்திகளுக்கு இன்னும் பதில் போடாவிட்டால் தன்னை ஏதாவது செய்துகொள்வதாகவும், அதற்கு நான்தான் காரணம் என்று எழுதி வைப்பதாகவும் சொன்னார். நான் பூவைப் போட்டுவிட்டு அம்மாவிடம் போய் நின்றுகொண்டேன்.

அரங்கமே கைதட்டும்போது ஒருவர் கைதட்டாமல் இருக்கலாம். அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அதுதான். அவர் பேச நினைத்ததை இங்கே நானே பேசிவிட்டேன்.

அந்த ஆள் நம் டியூஷன் நிலையத்தில் உதவிக்கு இருப்பவர். யார் என்று உங்களுக்குத் தெரியும். அவர் அனுப்பியவை எதையும் நான் அழிக்கவில்லை.

அம்மா, இந்தக் குழுவில் நீங்களும் இருக்கிறீர்கள். காலையில் இதைப் பார்த்ததும், வேலைக்குக் கிளம்புவதற்கு முன் என்னை எழுப்புங்கள்.