அப்புவுக்குப் போன முதல் மாலை

அம்மன் கோயில் விஷயம் கேலியாகிவிடுமோ என்று வருடக்கணக்காக இதை எழுதத் தயங்கினேன். எங்கள் தோட்டத்தில் நிர்வாகியான துரையிடம் எதைக் கேட்பதானாலும் பங்களாச் சமையல்காரரிடம்தான் முதலில் சொல்வோம். அவரை அப்பு என்போம். சோறு பரிமாறும்போது அவர் மெல்லச் சொன்னால் காரியம் நடக்கும். ஒழுகும் கோயில் கூரைக்குத் தகரம் கேட்டதும் அப்படித்தான்.

துரை பதில் சொல்வதாக இருந்த திருவிழாவில், அவருக்குரிய முதல் மாலையைப் பூசாரி, எதற்கும் அப்புவிடமே முதலில் போகும் பழக்கதோஷத்தில், பக்கத்தில் நின்ற அப்புவின் கழுத்தில் போட்டுவிட்டார்.

“தகரமும் போச்சு, அப்பு வேலையும் போச்சுங்க,” என்றாள் என் மனைவி.

துரை சிரித்துவிட்டார். “சரியான ஆளுக்குத்தான் போட்டீங்க. நானே இவருக்குப் பயந்துதான் சாப்பிடுறேன். தகரம் வரும், போங்க.”

வந்தது. எல்லாம் அம்மன் செயல். அந்தச் சிரிப்பை இப்போதும் மனம் தேடுகிறது. பிறரிடம் சொன்னால் கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள்; துரை, அப்பு, பூசாரி மூவரும் நல்லவர்கள்.